வேப் காயிலுக்குக் கம்பி கேட்டு வரும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தடை செய்யப்பட்ட வேப் கருவிகள், அதாவது பேட்டரியில் ஓடுகிற மின் சிகரெட்டுகள் பிடிபட்டன, இத்தனை பெட்டி, இத்தனை லட்சம் மதிப்பு என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. பெட்டிகளை மேஜையில் அடுக்கி வைத்துப் பின்னால் போலீஸார் நிற்கிற படமும் வருகிறது. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெங்களூரில் நடக்கிற இன்னொரு சமாச்சாரம் அந்தப் படத்தில் வருவதே இல்லை. தயாராக வாங்கின வேப் அல்ல, கையால் காயில், அதாவது சூடேறுகிற கம்பிச் சுருள் சுற்றி, பஞ்சு கோத்து, பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த செல்லைப் போட்டு ஓட்டுகிற வேப். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், கணக்கைத் தயவு செய்து வெட்டாமல் போடுங்கள்.

நான் ஸ்ரீராம்புரத்தில் மோட்டார் ரீவைண்டிங்கும் ஹீட்டர் காயில் வேலையும் செய்கிறவன். பீன்யா பக்கத்துச் சின்னப் பட்டறைகளுக்கு ஓவன் காயில், கவர் ஒட்டுகிற மெஷினுக்கு ஹீட்டர் பட்டை, இப்படித்தான் எங்கள் பிழைப்பு. நைக்ரோம், காந்தல் என்கிற ஹீட்டர் கம்பியெல்லாம் ரீல் ரீலாகக் கடையில் இருக்கும். இதெல்லாம் வாங்க வருகிறவர்கள் எப்போதும் பட்டறைக்காரர்கள், இல்லாவிட்டால் பாலிடெக்னிக் பிள்ளைகள். இப்போது கொஞ்ச காலமாக வேறு மாதிரி ஆட்கள் வருகிறார்கள். காலேஜ் பையன்கள், ஐடி வேலைக்கு வந்து பிஜி விடுதியில் தங்கியிருக்கிற பையன்கள், பலரும் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து நம்ம ஊர்ப் பிள்ளைகள். "அண்ணா, 26 கேஜ் காந்தல் ரெண்டு மீட்டர்" என்று கேட்பார்கள். கேஜ் என்பது கம்பியின் கனத்தைச் சொல்கிற எண். ரெண்டு மீட்டர் கம்பியில் எந்த ஹீட்டரும் கட்ட முடியாது. எதற்குத் தம்பி என்று கேட்டால் புராஜெக்ட் என்பார்கள், இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் போனை எடுத்து வீடியோவைக் காட்டிவிடுவார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேப்பில் ரீபில்டபிள் என்று ஒரு வகை உண்டு. சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தளம், அதை டெக் என்கிறார்கள். அதில் இரண்டு தூண், தூணில் ஸ்க்ரூ. ரெண்டரை, மூன்று மில்லிமீட்டர் டிரில் பிட்டில் கம்பியை நாலைந்து சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் தூணில் முடுக்கி, காயிலின் நடுவில் பஞ்சைக் கோத்து, பஞ்சின் வாலை வெட்டி டெக்கில் சொருகி, மேலே நிகோடினோ ஃப்ளேவரோ கலந்த திரவத்தை ஊற்றுகிறார்கள். பட்டனை அழுத்தினால் காயில் சூடாகி, பஞ்சு உறிஞ்சி வைத்த திரவம் ஆவியாகும். முதலில் பஞ்சுக்குப் பதிலாக சிலிக்கா கயிறுதான் போட்டார்களாம், பிறகுதான் பஞ்சுக்கு மாறினார்கள். மற்ற நாடுகளில் இது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது, அழகழகாகக் கம்பி முறுக்கிப் படம் போடுகிறார்கள். சட்டப்படி விற்கிற இடங்களில் கம்பியின் மேல் என்ன உலோகம், எத்தனை கனம், மீட்டருக்கு எத்தனை ஓம் மின்தடை என்று அச்சிட்டிருக்கும், செல்லின் மேல் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருக்கும். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே லேபிளே இல்லாத கம்பியையும் ஸ்கிராப்பில் வந்த செல்லையும் வைத்து அதே மாதிரி செய்கிறார்கள். இந்த இடைவெளியில்தான் கை கருகுகிறது, முகம் கருகுகிறது. அதை யாரும் எழுதவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் கேஜ் விஷயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் தொழில். வீடியோவில் 26 கேஜ் என்றால் அது அமெரிக்கக் கணக்கு, ஏ.டபிள்யூ.ஜி. அந்தக் கம்பியின் கனம் சுமார் 0.40 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடைகளில் 26 கேஜ் என்றால் எஸ்.டபிள்யூ.ஜி, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற கணக்கு. அது 0.457 மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மைக்ரோமீட்டரில் வைத்தால்தான் தெரியும். ஆனால் மின்தடை கனத்தைப் பார்த்து மாறுவதில்லை, குறுக்குப் பரப்பைப் பார்த்து மாறுகிறது, அதனால் அந்த ஐந்து நூறிலொரு பங்கு மில்லிமீட்டர் ஓமைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிடும். அத்தோடு முடியவில்லை. காந்தல் இல்லை, நைக்ரோம்தான் இருக்கிறது என்று கடைக்காரர் கொடுத்தால், எல்லாம் ஹீட்டர் கம்பிதானே என்று பையன் வாங்கிக்கொண்டு போய்விடுவான். இரண்டும் ஒன்றில்லை. காந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. நைக்ரோம் 80 என்பது எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். காந்தலைவிட நைக்ரோமுக்குத் தடை குறைவு. அமெரிக்க 26 கேஜ் காந்தல் ஒரு மீட்டர் சுமார் 11 ஓம். நம் 26 கேஜ் நைக்ரோம் ஒரு மீட்டர் 7 ஓமுக்கும் குறைவு. ஆக வீடியோவில் அரை ஓம் வரும் என்று சொன்ன அதே நீளக் கம்பி இங்கே 0.3 ஓம்தான் வரும்.

அரை ஓமுக்கும் 0.3 ஓமுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் செல் 4.2 வோல்ட். அரை ஓமில் 8.4 ஆம்பியர் போகும். 0.3 ஓமில் 14 ஆம்பியர். நான் கட்டிக் கொடுக்கிற ஆயிரம் வாட் ஹீட்டர் காயில் 230 வோல்ட்டில் இழுப்பதே நாலு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல்தான். விரலளவு செல்லிலிருந்து அதைப்போல மூன்று மடங்கு ஆம்பியரை உருவுகிறார்கள், அதுவும் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு. ஹீட்டருக்காவது வீட்டில் எம்.சி.பி இருக்கிறது, தப்பு நடந்தால் டக்கென்று விழும். மெக் மாட் என்று சொல்கிற வெறும் பித்தளைக் குழாயில் அப்படி எதுவும் கிடையாது, செல், பட்டன், காயில், அவ்வளவுதான். உள்ளே சர்க்யூட் போர்டு இருக்கிற கருவியாவது ஓமைப் பார்த்து, ஷார்ட் இருந்தால் ஓடாமல் நிற்கும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறோம் என்று சில பையன்கள் சொல்கிறார்கள். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பூஜ்யம் காட்டாது. 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும், அது மீட்டர் ஒயரின் தடை. காயிலே 0.3 ஓம் என்கிறபோது மீட்டர் 0.6 காட்டும், பையன் பரவாயில்லை என்று பட்டனை அழுத்துவான். இவ்வளவு சின்னத் தடையை அளக்கத் தனி மீட்டர் வேண்டும், ரீவைண்டிங் கடைகளிலேயே எல்லாரிடமும் அது இருக்காது.

அடுத்தது செல். இதுதான் எனக்கு அதிக பயம். 18650 என்று சொல்வார்கள், 18 மில்லிமீட்டர் கனம், 65 மில்லிமீட்டர் உயரம். லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் ஆறு எட்டு செல் உள்ளே இருக்கும், ஸ்கிராப் கடைகளில் உதிரியாகக் கிடைக்கும். லேப்டாப் செல் கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட நேரம் கொடுப்பதற்காகச் செய்தது. பெரும்பாலும் நாலைந்து ஆம்பியருக்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. அதனிடம் போய் 14 ஆம்பியர் கேட்டால் சூடாகும், உள்ளே வாயு சேரும், வெளியே போக வழி இல்லாத குழாயாக இருந்தால் வெடிக்கும். 2018 மே மாதம் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்தில் ஒருவர் வேப் வெடித்து அதன் துண்டு தலைக்குள் பாய்ந்து இறந்துபோனார், அது இந்த மாதிரிப் பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத வகைதான். அதிக ஆம்பியர் தாங்குகிற செல்லும் இருக்கிறது, 15, 20 ஆம்பியர் தாங்குபவை. ஆனால் மேலே சுற்றின பிளாஸ்டிக் உறையை மாற்றி எதையும் எதாகவும் விற்க முடியும். 9900 எம்.ஏ.எச் என்று அச்சடித்த செல்லைப் பார்க்கிறேன், எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்கிற அளவு அது. இந்த அளவில் நல்ல கம்பெனி செல்லே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். அப்படி ஒரு எண்ணைப் பார்த்தாலே அது பொய்யான சரக்கு என்று முடிவு கட்டிவிடலாம்.

உறை கிழிந்த செல்லையும் விடுவதில்லை. இந்தச் செல்லில் உடம்பு முழுவதுமே நெகட்டிவ், தலைப்பக்கத்துச் சின்ன வட்டம் மட்டும்தான் பாசிட்டிவ், இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய வளையம். மேல் ஓரத்தில் உறை கொஞ்சம் கிழிந்து அது குழாயின் உலோகத்தில் பட்டால் நேராக ஷார்ட். இதைப் பாக்கெட்டில் சாவி, சில்லறைக் காசோடு போட்டுக்கொண்டு பைக்கில் போகிறார்கள். வீட்டில் இப்படிச் செல் கிடந்தால், வேப் இருக்கிறதோ இல்லையோ, தாய் தகப்பன்மார் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தனித்தனியாகப் போட்டு வையுங்கள், முனையில் டேப் ஒட்டுங்கள், குப்பையோடு போடாதீர்கள், எலக்ட்ரானிக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

கம்பிக்குத் திரும்ப வருகிறேன். நைக்ரோம்கூடக் கிடைக்காதபோது பழைய டோஸ்டர், அயர்ன் பாக்ஸ் காயிலை உருவுகிறார்கள். வருஷக்கணக்கில் எரிந்த கம்பி அது, பொரிந்து போயிருக்கும், வளைத்தால் ஒடியும், துகள் உதிரும். கட்டுக்கம்பியைச் சுற்றிப் பார்த்ததாக ஒரு பையன் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டுக்கம்பி சிலதில் துத்தநாகம் பூசியிருக்கும், அதைச் சூடாக்கினால் வருகிற புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகக் கிடக்க வேண்டியதுதான், வெல்டிங் வேலை பார்க்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். திறந்த வெளியில் வெல்டிங் செய்கிறவருக்கே அப்படியென்றால் வாயில் வைத்து இழுக்கிறவனுக்கு?

பராமரிப்பு என்று அவர்கள் சொல்வது இது. காயிலில் கருப்பாகப் படிவு பிடிக்கும், திரவத்தில் இனிப்புச் சேர்த்திருந்தால் சீக்கிரமே பிடிக்கும். பஞ்சைப் பிடுங்கிவிட்டு, காயிலை வெறுமனே விட்டுவிட்டுப் பழுக்கக் காய்ச்சி, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் கழுவி, புதுப் பஞ்சு போடுவது. பழுக்கக் காய்ச்சினால் சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறார்கள். கருப்பு போய்விடும், சரி. ஆனால் ஒவ்வொரு தடவை சிவக்கும்போதும் கம்பியின் மேல் ஆக்சைடு படிகிறது, தேய்க்கும்போது அதில் கொஞ்சம் உதிர்கிறது. எங்கள் ஓவன் காயிலிலும் இதே கதைதான், ஆனால் அதை யாரும் மூக்கருகே வைத்து மூச்சிழுப்பதில்லை. டைட்டானியம் கம்பி, சுத்த நிக்கல் கம்பி இரண்டையும் இப்படிச் சிவக்க விடவே கூடாது என்று வேப் பிடிக்கிறவர்களே சொல்வார்கள், ஆனால் லேபிள் இல்லாத கம்பியில் எது எது என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வேப் பிடிக்கிற 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பாட்டில் திரவத்தில் இருந்ததைவிடக் காயிலைத் தொட்டு வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் அதிகமாக இருந்தது. காயிலை அடிக்கடி மாற்றுகிறவர்களின் கருவியில் அளவு இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. புதுக் காயில் போட்டால் பத்திரம் என்கிற நம்பிக்கையும் அடிபட்டுப் போகிறது.

பஞ்சு சின்ன விஷயம் போலத் தோன்றும். வெளிநாட்டில் வெளுக்காத ஜப்பான் பஞ்சு என்று தேடி வாங்குகிறார்கள். இங்கே மெடிக்கல் ஷாப் பஞ்சு, அது இல்லாவிட்டால் பூஜைக் கடையில் விற்கிற விளக்குத் திரி. கலர் திரியில் சாயம் இருக்கிறது, சிலதில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது, அது உருகும். பஞ்சை அதிகமாகத் திணித்தால் திரவம் ஏறாது, குறைவாக வைத்தால் ஒழுகும். ஏறாமல் காய்ந்து போன பஞ்சில் பட்டனை அழுத்தினால் பஞ்சே கருகும், அதை டிரை ஹிட் என்பார்கள், தொண்டையைப் பிய்க்கும். திரவம் என்பது பெரும்பாலும் ப்ரொபிலீன் கிளைக்காலும் கிளிசரினும். கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் அக்ரோலின் உண்டாகிறது. அப்பளம் பொரிக்கிறபோது மறந்துவிட்ட எண்ணெய் புகைந்து கண்ணையும் மூக்கையும் கரிக்குமே, அந்தக் கரிப்பில் இருப்பதும் இதே அக்ரோலின்தான். ஃபார்மால்டிஹைடு என்கிற நச்சும் வரும். 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்கிற மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்தில், 3.3 வோல்ட்டில் அது தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டது என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சூட்டில் கருகல் நாற்றம் தாங்காமல் யாரும் இழுக்க மாட்டார்கள் என்று மறுத்தவர்களும் உண்டு. நியாயமான மறுப்புதான், ஆனால் அந்த மறுப்பு சரியாகக் கட்டின காயிலுக்கும் நனைந்த பஞ்சுக்கும் பொருந்தும். கனமும் உலோகமும் ஓமும் தெரியாமல் கட்டின காயிலில் சூடு எங்கே நிற்கும் என்று யார் உறுதி சொல்வது?

சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு வந்தேன், இது பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் கேவலமாகப் பேச மாட்டேன். இங்கிலாந்தில் அரசாங்கமே சிகரெட் குடிக்கிறவர்களை வேப்புக்கு மாறச் சொல்கிறது என்பதும் உண்மை. ஆனால் அங்கே மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் கூடாது, திரவம் நிற்கிற டாங்க் 2 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது, என்ன கலந்தது என்று பதிவு செய்ய வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டோடு சேர்த்துத்தான் அவர்கள் சொல்கிற பேச்சு. இங்கே பேச்சு மட்டும் கப்பலேறி வந்திருக்கிறது.

சட்டத்தையும் பிள்ளைகளுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. கர்நாடகத்தில் 2016-லேயே தடை வந்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் அதை முழுச் சட்டமாக்கியது. செய்வது, விற்பது, இறக்குமதி, கொண்டு போவது, விளம்பரம் எல்லாம் குற்றம். முழுக் கருவியாக இருந்தாலும் அதன் பாகமாக இருந்தாலும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சரக்கை இருப்பு வைத்தால் தனியாக ஆறு மாதம் வரை. "இதுல நிகோடின் இல்ல அண்ணா, வெறும் ஃப்ளேவர்" என்பதும் செல்லாது, நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றுதான் சட்டம் சொல்கிறது. நண்பனுக்கு நாலு காயில் சுற்றிக் கொடுத்துக் காசு வாங்குகிற பையனுக்குத் தான் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டோம் என்று தெரியவே தெரியாது. சொந்த ஊரில் அப்பா அம்மா கடன் வாங்கிப் படிக்க அனுப்பியிருப்பார்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், எலக்ட்ரானிக் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டு ஆட்களையும் சேர்த்துத்தான். ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் ஹீட்டர் கம்பி கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். வேப்புக்கு என்று தெரிந்தால் கொடுக்காதீர்கள், நாலு காசு போனால் போகட்டும். லேப்டாப் செல்லை உதிரியாகப் பிள்ளைகள் கையில் விற்காதீர்கள். நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போகிறவனும் உண்டு, உட்கார்ந்து மேலே சொன்ன கணக்கைக் கேட்டுவிட்டு முகம் வெளிறிப் போகிறவனும் உண்டு. திட்டினால் அடுத்த கடைக்குப் போவான், கணக்கைச் சொன்னால் கேட்கிறான். படிக்கிற பிள்ளைகள்தானே, ஓம் விதி பத்தாம் வகுப்பிலேயே படித்தது.

விட நினைக்கிறவர்களுக்கு நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, அங்கே போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. புகையிலையை விட உதவுகிற தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. இந்த எண்ணை வேப் பிடிபட்ட செய்தி போடும்போதெல்லாம் கீழே ஒரு வரியாகப் போட முடியாதா?

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கம். மேஜையில் அடுக்கின பெட்டிப் படம் வேண்டாம். இரண்டு 26 கேஜ் கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாகப் படம் எடுங்கள், உறை கிழிந்த செல்லின் மேல் ஓரத்தைப் படம் எடுங்கள், அந்த 14 ஆம்பியர் கணக்கைக் கட்டம் கட்டிப் போடுங்கள். தீக்காயப் பிரிவு டாக்டர் ஒருவரிடம் நாலு வார்த்தை வாங்கிப் போடுங்கள். கம்பியும் செல்லும் மைக்ரோமீட்டரும் என் கடையில் இருக்கிறது, உங்கள் போட்டோகிராபர் எந்த நாள் வந்தாலும் எடுத்து வைத்துத் தருகிறேன். பெயர் மட்டும் போட வேண்டாம், கடைக்கு வருகிற பையன்கள் வராமல் போய்விட்டால் நான் யாரிடம் இதைச் சொல்வது.

இப்படிக்கு,
ஹீட்டர் காயில் கடைக்காரர்,
ஸ்ரீராம்புரம், பெங்களூரு